அண்ணியின் மொண்ணைக் கத்தி

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் என் இடது முன்கையில் முடியே இருக்காது. கத்தி தீட்டும் பைத்தியம் பிடித்தவர்களுக்கு அதுதான் அடையாளம். தீட்டி முடித்ததும் முன்கையில் வழித்துப் பார்ப்போம். முடி சத்தமில்லாமல் விழுந்தால் வேலை சுத்தம். மகர்பட்டா அலுவலகத்துக்கு அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனால், தோலில் ஏதாவது வியாதியா என்று கேட்பார்கள். நான் உற்சாகமாக விளக்க ஆரம்பிப்பேன். கேட்டவர் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்.

பொறுமையாகக் கேட்க ஆள் கிடைத்தது கட்கியில்தான். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அண்ணன் வீட்டுக் கொல்லையில் மூன்று பேர் கூடுவோம். அண்ணன் என்றால் சொந்தமில்லை. அங்கே இருந்த வெடிமருந்து ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா காலத்திலேயே வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து கட்கியில் தங்கிவிட்ட குடும்பம். கோயம்புத்தூரிலிருந்து இந்த மராத்தி ஊருக்குக் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்திருந்த எனக்குத் தமிழில் பேச ஒருவர் கிடைத்ததே பெரிது. அவருக்கும் அதே பைத்தியம் என்றால் கேட்கவா வேண்டும்? மூன்றாமவர் ஒரு மராத்திக்காரர், சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி ஓட்டினார். தளேகாவ் தொழிற்சாலைகளில் மெஷின் வந்து இறங்கிய பைன் மரப் பெட்டிகளைப் பலகை பலகையாகப் பிரித்துக் கொண்டுவருவார்.

பேச்சுக்குத் தலையும் இருக்காது வாலும் இருக்காது. பைன் இழைக்க நன்றாக இருக்கும், ஆணி அடித்தால் பிளந்துகொள்ளும் என்பார் அண்ணன். லோடு இல்லாமல் பிக்கப்பை ஓட்டினால் என் முதுகுதான் பிளக்கிறது என்பார் மராத்திக்காரர். வண்டியின் ஒடிந்த ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்திக்கு இணையே இல்லை என்று அவர் சொல்ல, இரும்பு அறுத்துத் தேய்ந்த ஹாக்ஸா பிளேடுதான் ராஜா என்று அண்ணன் எகிற, பாதி காலை அதிலேயே போய்விடும். அண்ணி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எங்களை ஒரு சுற்றுப் பார்ப்பார்.

"இத்தினி வருஷமா மூணு ஆம்பளைங்க கூடிக் கூடிப் பேசறீங்க. ஒரு ஸ்டூலாவது முடிஞ்சுதா?"

முடியவில்லை. அதன் மூன்று கால்கள் மட்டும் ஷெட்டில் கிடந்தன.

அண்ணி ஒரு பள்ளிக்கூட ஆபீசில் டைப்பிஸ்ட். சமையலுக்கு அவரிடம் ஒரே ஒரு கத்தி, அண்ணனே ஹாக்ஸா பிளேடில் அடித்து, சீசம் மரத்தில் பிடி போட்டுக் கொடுத்தது. அழகான கத்தி, ஆனால் சுத்த மொண்ணை. அண்ணி பலகையில் வைத்து நறுக்குகிறவர் இல்லை. காயை இடது கையில் பிடித்துக்கொண்டு, கத்தியை வலது கட்டைவிரலை நோக்கி இழுப்பார். காய் துண்டாகிக் கத்தி விரலில் வந்து நிற்கும். பேச்சு நிற்காது, கையும் நிற்காது. எங்கள் வீடுகளில் பாதிப் பேர் அப்படித்தான் நறுக்குகிறார்கள்.

ஒருமுறை அந்தக் கத்தியை நான் எடுத்து ஓரத்தைத் தடவிப் பார்த்தபோது அண்ணன் சொன்னார்: "அத்த மட்டும் தொடாதே தம்பி. அது வெரல்ல வந்து நிக்கணும். மொண்ணையா இருக்கறதுதான் அதுக்கு அளவு."

நான் தலையாட்டினேன். ஆனால் மனதுக்குள், கிழவருக்குத் தீட்ட வரவில்லை, சாக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இப்போது அதை எழுதவே கூசுகிறது.

அடுத்த மாதம் அலுவலகத்தில் ஒருவர் ஜப்பானிலிருந்து எனக்கு ஒரு தீட்டுக்கல் வாங்கி வந்தார். அதை ஞாயிற்றுக்கிழமை கட்கிக்கு எடுத்துப் போனேன். அண்ணி காய் வாங்கப் போயிருந்தார். மற்ற இருவரும் வாசலில் பலகை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சமையலறைக்குள் போய்க் கத்தியை எடுத்து வந்தேன். முக்கால் மணி நேரம் தீட்டினேன். செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்து அதன் ஓரத்தில் வைத்தால், கத்தி தானாக இறங்கியது. எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அண்ணி நறுக்கிப் பார்த்து அசந்துபோக வேண்டும், யார் செய்தது என்று அவராகவே கேட்க வேண்டும் என்று ஆசை.

அண்ணி வந்தார், கொத்தவரங்காயைக் கையில் எடுத்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் வலது கட்டைவிரலைப் புடவையில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார். புடவை நனைந்துகொண்டே வந்தது. அண்ணன் கீழே கிடந்த கத்தியைப் பார்த்தார். பிறகு கொல்லையில் ஈரம் காயாமல் இருந்த என் கல்லைப் பார்த்தார். அண்ணியைப் பிடித்துக் கூட்டிப்போய் பிக்கப்பில் ஏற்றினார்.

முன்னால் மூன்று பேருக்குத்தான் இடம். நான் பின்னால் பலகைகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். சீட்டுக்குப் பின்னாலிருந்த சின்னக் கண்ணாடி திறந்திருந்தது. அண்ணி பேசியது அத்தனையும் கேட்டது.

"ரிடையராயி வீட்ல உக்காந்தா இந்தக் கதிதான். தொடாதீங்க, தொடாதீங்கன்னு எத்தினி வாட்டி சொல்லியிருக்கேன்! தீட்டினதுதான் தீட்டினீங்க, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நாளைக்கு மார்க் ஷீட் அடிக்கணும். இந்த வெரல் மடங்கலன்னா நான் இன்னா பண்ணுவேன்? அரே, வாயத் தொறந்து பேசுங்களேன்!"

அண்ணன் பேசவில்லை. அவருடைய பின்னந்தலை என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. 'நான்தான் அண்ணி' என்று இரண்டே சொல். அந்தக் கண்ணாடி வழியாகவே சொல்லியிருக்கலாம். ஒரு சிக்னலில் அண்ணன் திரும்பிப் பார்த்தார். கோபமே இல்லாத பார்வை. நான் பெட்டிப் பலகையில் அச்சடித்திருந்த அம்புக்குறியை என்னவோ படிப்பதுபோலக் குனிந்துகொண்டேன். அத்தனை தூரமும் அந்த மனிதர் எனக்காகத் திட்டு வாங்கிக்கொண்டு வந்தார், நான் வாங்க விட்டேன்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் காயத்தைக் கழுவினார். விரலை மடக்கச் சொன்னார். எல்லோரும் அந்த விரலையே பார்த்தோம். மடங்கியது. நரம்பு தப்பிவிட்டது, நான்கு தையல் போதும் என்றார். அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

டாக்டர் தையல் போட்டுக்கொண்டே இந்தியில் சொன்னார்: "வீட்டுக் கத்தியில் இப்படிப்பட்ட காயம் நான் பார்த்ததே இல்லை. ஓரம் கொஞ்சம்கூடப் பிசிறவில்லை. ஆபரேஷன் பிளேடு மாதிரி வெட்டியிருக்கிறது. என்ன கத்தி இது?"

"நான்தான் தீட்டினேன்," என்றேன், அதே இந்தியில். "ஜப்பான் கல். பதினைந்து டிகிரி சாய்வில் பிடிக்க வேண்டும்."

சொல்லும்போது நான் சிரித்துக்கொண்டிருந்தேன். முன்கையைக்கூட நீட்டிக் காட்டினேன் என்று நினைக்கிறேன்.

டாக்டர் நூலை வெட்டினார். அண்ணி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு அண்ணனிடம் திரும்பினார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"ம்."

"வழி பூரா திட்டினேனே. ஏன் சொல்லல?"

"அவனே சொல்வான்னு பாத்தேன்."

"சொல்லிட்டாரு," என்றார் அண்ணி. "டிகிரியோட."