மூன்று பாலர் பள்ளிகளைத் தரம் பிரித்த கதை

என் கணவருக்குச் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. லாரியில் வந்து இறங்கும் பழக்குலைகளைப் பார்த்து, இது பழுத்தது, இது காய், இது அழுகல் என்று தரம் பிரிப்பார். அந்தப் பழக்கம் அவரோடு வீட்டுக்கும் வந்துவிடும். நான் வைக்கும் சாம்பாரைக்கூட ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் கரண்டியைத் தொடுவார். அதனால் மகளைப் பாலர் பள்ளியில் சேர்க்கும் பேச்சு வந்ததும் அவர் புது நோட்டு ஒன்றை வாங்கி வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

எங்கள் ஊரான பாலோவில் எங்களுக்கு எட்டும் தூரத்தில் அரசாங்கப் பாலர் பள்ளிகள் மூன்று இருந்தன. ஒன்று நான் படித்த தமிழ்ப்பள்ளிக்குள். இன்னொன்று புதிதாக வந்த தாமான் குடியிருப்பில். மூன்றாவது பக்கத்து மலாய்க் கிராமத்தில், கம்பத்தில். அவர் நோட்டில் கட்டம் போட்டு, தூரம், கழிப்பறை, வேலி, சாப்பாடு, குழாயின் உயரம் என்று எழுதினார்.

"குழாயோட உயரமா?" என்றேன்.

"பாப்பா கைக்கு எட்டணும்ல?"

கையோடு அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டார்.

அந்தக் கட்டங்களில் ஏறாத விஷயம் ஒன்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஐந்து வயதாகப்போகும் எங்கள் மகள் வீட்டில் ஓயாமல் பேசுவாள். வாசலைத் தாண்டிவிட்டால் ஒரு சொல் வராது. கடைக்காரரோ கிளினிக் தாதியோ, ஏன், என் சொந்த அண்ணனோகூட அவள் குரலைக் கேட்டதில்லை.

முதலில் தமிழ்ப்பள்ளிக்குப் போனோம். நம்ம மொழி, நம்ம ஆட்கள், இங்கே வாயைத் திறந்துவிடுவாள் என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். டீச்சர் முட்டி போட்டு உட்கார்ந்து, "உங்க பேரு என்னம்மா?" என்று கேட்டார். மகள் தன் காலிலிருந்த சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பின்னாலிருந்து "சொல்லும்மா, சொல்லு" என்று முதுகைத் தட்டினேன்.

"விடுங்க, கட்டாயப்படுத்தாதீங்க" என்றார் டீச்சர். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வெளியே என் கணவர் குனிந்து குழாயை அளந்துகொண்டிருந்தார்.

தாமான் பள்ளியில் எல்லாம் புதுசு. குளிர்சாதனம், வழவழப்பான தரை, சின்னக் கழிப்பறைகள். அவர் நோட்டு நிறையச் சரி போட்டார். மகள் என் கால்களுக்குப் பின்னால் ஒளிந்தவள், காரில் ஏறும்வரை வெளியே வரவில்லை.

கம்பத்துப் பள்ளியில் வேலி சாய்ந்திருந்தது. கழிப்பறைக் கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அவர் பேனா தவறு தவறாகப் போட்டுக்கொண்டே போனது. பின்கட்டில் சமையல்கார அம்மா, பிள்ளைகள் 'மக்சிக்' என்று கூப்பிடும் ஒரு வயதான பெண், வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்தார். அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு ஒரு செவலைப் பூனை வகுப்புக்குள் நடந்து வந்தது.

பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் கணவர் இரண்டு கால்களையும் மேலே தூக்கிக்கொண்டார். முகத்தை மட்டும் அதிகாரி மாதிரி வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் என் மகள் என் கையை விட்டுவிட்டு முன்னால் போய், வகுப்பே திரும்பிப் பார்க்கும்படி மலாயில் கத்தினாள்: "அப்பா சாயா தாகுட் கூச்சிங்!"

அதாவது, எங்கப்பாவுக்குப் பூனைன்னா பயம்!

பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். அந்தப் பள்ளி டீச்சர் சிரிக்கவில்லை. ரொம்ப அக்கறையாக, "எவ்வளவு பயம்?" என்று மலாயில் கேட்டார். மகள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிவிட்டு, குளியலறைக்குள் பூனை புகுந்த அன்று அப்பா வாளிமேல் ஏறி நின்ற கதையை மலாயிலேயே சொல்ல ஆரம்பித்தாள். மத்தியான மலாய்க் கார்ட்டூனை அவள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தோம். நான் சுவரில் இருந்த படங்களைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், கால்களை இன்னும் இறக்காத அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

காரை எடுத்ததும் அவர் கணக்குப் பார்க்க ஆரம்பித்தார்.

"வேலி சாஞ்சிருக்கு" என்றார்.

"ஆமாங்க."

"கதவுக்குத் தாழ்ப்பா இல்ல."

"ஆமாங்க."

"பூனை வேற."

"ஆமாங்க."

முச்சந்தியில் நிறுத்தியபோது கேட்டார்: "எப்ப வந்து சேர்க்கச் சொன்னாங்க?"

கம்பத்துப் பள்ளியில் சேர்க்கப்போவதைத் தமிழ்ப்பள்ளி டீச்சரிடம் நானே போய்ச் சொன்னேன். துரோகம் செய்துவிட்டு வந்தவள்போல் நின்றேன். அவரோ, "ஒரு வருஷம் அங்க பேசட்டும்லா. ஆறு வயசுல இங்க கொண்டு வாங்க" என்றார். என் அண்ணன்தான் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் கணவர் ஒரு சனிக்கிழமை போய்க் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தார்.

வருடக் கடைசியில் பெற்றோருக்கு விருந்து. அதற்கடுத்த வாரம் தமிழ்ப்பள்ளியில் பதிவு. மக்சிக் எங்கள் தட்டில் பொரித்த வாழைப்பழங்களை எண்ணி வைத்தார், தமிழில்! மகள் சொல்லிக் கொடுத்ததாம்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு" என்றார், பெருமையாக.

தட்டில் நான்குதான் இருந்தன. திருத்துவதற்கு என் கணவர் வாயைத் திறந்தார். நான் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன்.