நாலு விரல்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது உலக அரசியல் முழுவதும் ஒரு பழைய சாம்பல் நிறக் காருக்குள் நடந்தது. கார் துருக்கி மாமாவுடையது. அவரும் அப்பாவும் எகிப்து மாமாவும் ஹனோவருக்கு வெளியே பாண் சுடுகிற ஒரு தொழிற்சாலையில் ஒரே ஷிப்டில் வேலை செய்தார்கள். அம்மா அதற்கு முன்பே ட்ராமில் ஆஸ்பத்திரித் துப்புரவு வேலைக்குப் போய்விடுவார். ஆகவே என்னையும் ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடுவார்கள்.

அப்பா முன்னால் இருப்பார். நான் பின்னால், எகிப்து மாமாவோடு. கார் கிளம்பும்போது துருக்கி மாமா பிஸ்மில்லா சொல்வார், அப்பா சிலுவை போட்டுக்கொள்வார், எகிப்து மாமா ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போவார். மூவரும் பேசியது ஜெர்மன், ஆளுக்கொரு ஜெர்மன்.

அந்தக் கோடையில் எகிப்தில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. தேர்தலில் வென்று வந்த இஸ்லாமியக் கட்சியின் ஜனாதிபதியைச் சிறையில் போட்டது. அவருக்காகத் தெருவில் குந்தியிருந்த சனங்களைச் சுட்டது. துருக்கி மாமா தன் வீட்டில் செத்தவீடு நடந்ததுபோல் இருந்தார். முக்காடு போட்டதற்காக அவருடைய அக்காவை ஒருகாலத்தில் துருக்கியில் பல்கலைக்கழக வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தார்களாம். தொழுகிறவர்கள் நாடாள வந்தால் அப்படிப்பட்ட அவமானங்களுக்கெல்லாம் முடிவு வரும் என்று நம்பியவர் அவர். மெக்காவைக் காக்கிற அரசர்களே இராணுவத்தின் பக்கம் நிற்கிறார்கள் என்று செய்தி வந்த அன்று ஸ்டியரிங்கில் ஓங்கி அடித்தார்.

எகிப்து மாமாவும் ஐந்து வேளை தொழுகிறவர்தான். ஆனால் அந்தக் கட்சி ஆண்ட ஒரு வருடமே போதும் என்பது அவருடைய எண்ணம். முந்தைய வருடம்வரை கட்டித் தழுவிக்கொண்டிருந்த துருக்கியும் எகிப்தும் இப்போது தூதுவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன.

ஒரு திங்கட்கிழமை காரில் புதிதாக ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருந்தது. அதில் ஒரு கறுப்புக் கை. நாலு விரல் நிமிர்ந்திருக்க, கட்டைவிரல் உள்ளே மடங்கியிருந்தது. எகிப்துத் தெருவில் சுடப்பட்டுச் செத்தவர்களின் நினைவாக ஒட்டியதாம். பின் கண்ணாடியைக் காற்பந்துக் கழகத்தின் ஸ்டிக்கர் பிடித்துக்கொண்டதால் இது எகிப்து மாமா தலைசாய்க்கிற ஜன்னலுக்கு வந்துவிட்டது.

"கொலைகார இராணுவம்" என்றார் துருக்கி மாமா, பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில் எகிப்து மாமாவைப் பார்த்து.

"என் தம்பி அங்கே கட்டாயச் சேவையில் இருக்கிறான். அவனையா சொல்கிறாய்?"

மறுநாளிலிருந்து எகிப்து மாமா இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனார்.

எனக்கோ அந்தக் கையை மிகவும் பிடித்துப்போனது. துருக்கி மாமாவிடம் கேட்டேன். அவர் முகம் மலர்ந்து, எனக்கும் ஒன்று தந்தார். அதைப் புத்தகப்பையின் நடுவில் ஒட்டிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பஸ் தரிப்பில் எகிப்து மாமா இறங்கினார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அவர் பையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். இது என்ன தெரியுமா என்று மெதுவாகக் கேட்டார்.

தெரியாமல் என்ன? ஒவ்வொரு விரலாகத் தொட்டுக் காட்டினேன். இது துருக்கி மாமா, இது அப்பா, இது நீங்கள், இது நான். காரில் போகிற நாலு பேர்.

அவர் என் முன்னால் குந்தினார். "அப்படியானால் மடங்கியிருக்கிற கட்டைவிரல்?"

"அம்மா. அவ ட்ராமில் போறவ."

அவர் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்தார். பையைத் தானே தோளில் மாட்டிக்கொண்டு வீடுவரை வந்தார்.

கதவைத் திறந்த அப்பா, எகிப்து மாமாவின் தோளில் அந்தப் பையைக் கண்டதும் வெளிறிப்போனார். மாமா நான் சொன்ன கணக்கை அப்பாவிடம் சொன்னார். இருவரும் தேத்தண்ணி குடித்தபடி வெகுநேரம் கதைத்தார்கள். அவர் போன பிறகு அப்பா நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டத் தொடங்கினார். நான் அழுதேன்.

"இது ஒரு இயக்கத்தின்ர சின்னம், மகள். என்ர பிள்ளை ஒருத்தற்ற சின்னத்தையும் சுமக்கத் தேவையில்லை."

"துருக்கி மாமா கூடாதவரோ?"

"சீ, நல்ல மனிசன். மற்றவரும் நல்ல மனிசன்தான்." அப்பா மிச்சப் பசையைச் சுரண்டினார். "அங்கயும் எல்லாரும் நல்ல பெடியள்தான். ஒண்டாச் சாப்பிட்டவங்கள். பிறகு ஆளையாள் சுட்டவங்கள்."

அங்கே என்றால் எகிப்து என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை எகிப்து மாமா எங்கள் வாசலில் நின்றார். கார் வந்ததும் அப்பா முன் கதவைத் திறந்து, "நீங்கள் இருங்கோ" என்று தமிழிலேயே சொன்னார். அது அவருக்கு விளங்கியது. அப்பா பின்னால் ஏறி, அந்த மஞ்சள் கை இருந்த ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். துருக்கி மாமா ஸ்டிக்கரைக் கழற்றவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். உன் தம்பி சுகமா என்று கேட்டார். சுகம் என்றார் எகிப்து மாமா. கார் கிளம்பியது.

ஒன்பது வருடம் கழித்து அந்த இரண்டு நாட்டுத் தலைவர்களும் கைகுலுக்கிய படம் வந்தபோது, எகிப்து மாமா அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்துச் சிரித்தார். இவர்களுக்கு இவ்வளவு காலம் தேவைப்பட்டிருக்கிறது என்றாராம்.

அப்பாவின் வலது முழங்காலுக்குள் ஊரில் போர்க்காலத்தில் பட்ட ஷெல் குண்டுத் துண்டு ஒன்று இருப்பதும், பின் இருக்கையில் அந்தக் காலை மடக்க அவருக்கு ஏலாது என்பதும் நான் வளர்ந்த பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். அந்தக் குளிர்காலம் முழுவதும் அப்பா காலை இருக்கைக்குக் குறுக்கே நீட்டி என் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். எனக்கு அது நல்ல மேசையாக இருந்தது. முழங்கால்மேல் கொப்பியை விரித்து, விடுபட்ட வீட்டுப்பாடத்தை அழுத்தி அழுத்தி எழுதுவேன்.

"மெல்ல எழுதம்மா" என்பார் அப்பா. எழுத்து வடிவாக வரவேண்டும் என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.