பதிவேட்டின் மூன்றாவது கட்டம்

என் அக்காவைப் பற்றி யார் கேட்டாலும் நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு நழுவிவிடுவது என் வழக்கம். பிடிவாதக்காரி, கைராசிக்காரி, நாங்கள் பிழைக்க வந்த வெளிநாட்டில் முப்பது வருடம் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். இதுவரைக்கும் சொல்வேன். அதற்கு மேல் போனால் என் கதையும் வரும் என்பதால் வாயை மூடிக்கொள்வேன். இன்று சொல்லிவிடுகிறேன்.

அவள் வேலையில் இருந்த கடைசி வருடம், கை நசுங்கிய கூலித் தொழிலாளி ஒருவன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். கவுன்ட்டரில் இருந்தவர் தலை நிமிராமல் காப்பீட்டு அட்டை எங்கே என்று கேட்டார். பிழைக்க வந்த ஊரில் அவனிடம் அட்டையும் இல்லை, சரியான காகிதங்களும் இல்லை. அப்படியானால் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. அவனைக் கார் நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப்போய், தூணோரமாக உட்காரவைத்துக் கட்டுப் போட்டாள். அதற்கு அவளுக்கு ஒரு மெமோ கிடைத்தது. அதை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், "ரிட்டயர் ஆகட்டும், நானே ஒரு இலவச கிளினிக் திறக்கறேனா இல்லையா பாரு," என்றாள். கோபத்தில் பேசுகிறாள் என்று நினைத்தேன். அவள் கோபத்தில் சொன்ன எதுவும் நடக்காமல் இருந்ததில்லை, அது எனக்கு மறந்துவிட்டது.

அதற்குக் கிடைத்த இடம், மூடிப்போன ஒரு செருப்புக் கடை. அலமாரிகளில் ஒட்டியிருந்த அளவு நம்பர்களைச் சுரண்டிப் பார்த்தோம், வரவில்லை. அதனால் காய்ச்சல் மாத்திரை ஏழாம் நம்பரில், இருமல் மருந்து எட்டில், கட்டுத்துணி பத்தில் என்று ஆகிவிட்டது. செருப்பைப் போட்டுப் பார்க்கிற சாய்வுப் பலகையின்மேல் காலை வைக்கச் சொல்லித்தான் அக்கா புண்ணுக்கு மருந்து போடுவாள். சுவரின் அடியில் பாதம் மட்டும் தெரிகிற கண்ணாடி ஒன்றும் இருந்தது. என் மேஜைக்கு நேர் எதிரே.

ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும்தான் திறப்போம். அந்த ஊர் டாக்டர் ஒருவர் இரண்டு மணி நேரம் வந்து போவார். தங்கமான மனுஷர், ஆனால் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தமிழைத் தவிர வேறு எதுவும் வராது. நடுவில் பாலம் நான்தான். சரக்குக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன், இரண்டு மொழியிலும் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அந்தத் தலைக்கனமும் கொஞ்சம் உண்டு.

அக்கா போட்டது ஒரே சட்டம். அட்டை கேட்கக்கூடாது, காகிதம் கேட்கக்கூடாது, பெயர்கூடக் கேட்கக்கூடாது. வருகிறவர் என்ன சொல்கிறாரோ அதுதான் பெயர். அதனால் என் பதிவேட்டில் மீசை, பேக்கரி, பெரிய மச்சான், சின்ன மச்சான் என்று ஒரு பட்டாளமே இருந்தது. ஒவ்வொருவருக்கும் மூன்று கட்டம்: யார், என்ன தொந்தரவு, இப்போது எப்படி இருக்கிறது. மூன்றாவது கட்டத்தை டாக்டரின் மொழியில் எழுதுவேன். அவர் அதை மட்டும் மேலோட்டமாகப் பார்த்து, மோசமானவர்களை உள்ளே கூப்பிடுவார். தேறி வருகிறவர்களுக்கு நானே ஒரு வாரத்துக்கான மருந்தைக் கொடுத்து அனுப்பிவிடுவேன். இந்த ஏற்பாடு என் யோசனை. இதனால்தான் ஒரே காலையில் நாற்பது பேரைப் பார்க்க முடிந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அப்போதுதான் ஏணி வந்தான். உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கியபடி சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவன், ஆளும் நெட்டை. "ஏணின்னே எழுதுங்கண்ணே, ரூம்ல அப்படித்தான் கூப்பிடுவாங்க," என்று சிரித்தான். வலது உள்ளங்காலில் ஆணி ஏறியிருந்தது. அக்கா புண்ணைப் பார்த்துச் சந்தேகப்பட்டு ரத்தத்தைச் சோதித்தாள். சர்க்கரை எக்கச்சக்கம். அவனுக்கு அதுவரை தெரியாது.

"இங்க பாரு, சர்க்கரை இருக்கறவனுக்குக் கால் புண் சும்மா விடாது. அலட்சியம் பண்ணினா காலையே எடுக்க வேண்டி வரும். வாரா வாரம் வந்து காட்டணும், புரியுதா?"

"வந்துடறேன்க்கா. மேலே தொங்கறதைத் தவிர எனக்கு வேற வேலை தெரியாது."

சொன்ன வார்த்தை தவறாமல் வந்தான். அடுத்த ஞாயிறு கூட்டம் வாசலைத் தாண்டி நின்றது. அக்கா உள்ளே டாக்டருடன் இருந்தாள். நான் குனிந்தபடியே, "எப்படி இருக்கு?" என்றேன்.

"பரவாயில்லண்ணே."

தேறி வருகிறது என்று டாக்டரின் மொழியில் எழுதினேன். பத்தாம் நம்பரிலிருந்து கட்டுத்துணியும், பக்கத்திலிருந்து களிம்பும் மாத்திரையும் எடுத்துக் கொடுத்தேன். அதற்கடுத்த வாரம் அவனுக்குப் பின்னால் ஒரு பெண், காய்ச்சலில் அனத்துகிற குழந்தையோடு நின்றாள். எப்படி இருக்கு என்று கேட்டேன். அவன் திரும்பிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லண்ணே," என்றான். தேறி வருகிறது. மூன்றாவது வாரமும் அதே கேள்வி, அதே பதில், அதே முத்து முத்தான கையெழுத்து.

நாம் எத்தனை விதமாகச் சொல்கிறோம் அந்த வார்த்தையை! உடம்பு தேவலை என்றாலும் பரவாயில்லை. யாராவது காலை மிதித்துவிட்டாலும் பரவாயில்லை. எனக்கு அவசரமில்லை, நீங்கள் முதலில் போங்கள் என்பதற்கும் அதேதான். இது தெரியாத தமிழன் உண்டா? எனக்கும் தெரியும். நிமிர்ந்து முகத்தைப் பார்த்திருந்தால் எந்தப் பரவாயில்லை என்று புரிந்திருக்கும். முகம்கூட வேண்டாம், எதிர்க் கண்ணாடியில் அவன் எந்தக் காலை ஊன்றாமல் நின்றான் என்று பார்த்திருந்தாலே போதும்.

நாலாவது வாரம் அவன் வரவில்லை. அக்கா பதிவேட்டைப் புரட்டி, "தேறுதுன்னு எழுதியிருக்கே, நீ பார்த்தியா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் எழுந்தவள், வரிசையில் நின்றவர்களிடம் விசாரித்துக்கொண்டு அவன் தங்கியிருந்த இடத்துக்குப் போனாள். பின்னாலேயே நானும் ஓடினேன். ஒரு அறையில் எட்டுக் கட்டில்கள், மேலும் கீழுமாக. கீழ்க் கட்டிலில் போர்வையைக் கடித்துக்கொண்டு கிடந்தான். கட்டை அவிழ்த்ததும் அக்கா சட்டென்று என்னை வெளியே போகச் சொன்னாள். நான் போவதற்குள் பார்த்துவிட்டேன். கால் விரல்கள் கறுத்திருந்தன.

உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் பெரிய ஆஸ்பத்திரியில் அட்டை கேட்க மாட்டார்கள். அன்று கேட்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அக்கா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தபடி, "எந்தக் கவுன்ட்டரைப் பிடிக்காம வெளியில வந்தேனோ, அதையே நாமளும் போட்டுட்டோமேடா," என்றாள். அதற்குப் பதில் அவள் நாலு அறை விட்டிருக்கலாம்.

மறு ஞாயிறே என் ஏற்பாட்டைத் தூக்கிப்போட்டாள். "இனிமே யாரையும் எப்படி இருக்குன்னு கேக்காதே. பரவாயில்லைன்னு சொன்னா கட்டை அவிழ்த்துப் பாரு. அவங்க என்ன சொல்றாங்களோ அதைத் தமிழ்லயே எழுது, டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன்." நாற்பது பேர் பதினெட்டுப் பேராகக் குறைந்தார்கள். மற்றவர்களை அடுத்த வாரம் வரச் சொல்லி வாசலில் நின்று கெஞ்சினாள். அதுவும் அவளுக்கு வேதனைதான். பதினெட்டுப் பேரையும் அப்படிப் பார்க்கத்தானே கடை திறந்தோம், இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறாள்.

இரண்டு மாதம் கழித்து ஏணி ஊன்றுகோலோடு வந்தான். செவ்வாய்க்கிழமை அவனைச் சொந்த ஊருக்கே திருப்பி அனுப்புகிறார்கள். கடைசியாக ஒரு தடவை கட்டு மாற்ற வந்திருந்தான். நாற்காலியில் உட்கார்ந்ததும் பழக்கத்தில் வலது காலைச் சாய்வுப் பலகையில் வைக்கப் போனான். பிறகு மெதுவாக இழுத்துக்கொண்டான். அக்கா பலகையை ஓசைப்படாமல் நகர்த்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து கட்டை அவிழ்த்தாள். கண்ணாடியில் ஒற்றை ஷூ தெரிந்தது.

வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. "தப்பு என்னுதுதான்ப்பா. நீ ஒண்ணு சொன்னே, நான் வேற எழுதிட்டேன்," என்றேன்.

"பரவாயில்லண்ணே, விடுங்க."

சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. பேனாவைக்கூட மூடிவிட்டேன்.

அக்கா தலையைத் தூக்காமல் கேட்டாள்: "என்னடா சொன்னான்?"

"பரவாயில்லைன்னான்."

"அப்ப கட்டை அவிழ்த்துப் பாரு."

மேஜையைவிட்டு எழுந்துபோய் அவன் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். முதல் தடவையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தேன். நான் நினைத்ததைவிடச் சின்ன வயது.

"நிஜமாச் சொல்லுப்பா."

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "மூணு வாரமும் உங்க எதிர்ல நின்னேன்ணே. ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தா காட்டிடலாம்னு நின்னேன். இப்ப பரவாயில்லைன்னு சொன்னது உங்க மூஞ்சியப் பார்த்துப் பாவப்பட்டு. எனக்கு ஆறல."

அக்கா கட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் கை நிற்கவில்லை. நான் மேஜைக்குத் திரும்பி, பேனாவைத் திறந்து, மூன்றாவது கட்டத்தில் அவன் சொன்னபடியே எழுதினேன். ஆறல.