பதினேழாவது வரி

யாரோ சொல்லிக் கேட்ட கதை இல்லை இது. பட்டப்பகலில், பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்திருக்கும்போது, என் கண்ணால் பார்த்தது. அதனால் கனவு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

என் பெயர் பாரி. பெரம்பூர்க்காரன். சாஃப்ட்வேர் எழுதுகிறேன். எண்ணூருக்கு வடக்கே, காட்டுப்பள்ளி போகும் சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டு. அங்கே வேலைக்கு இறங்கும் ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு சின்னக் கருவி இருக்கும். அது வயர்லெஸ்ஸில் கண்ட்ரோல் ரூம் சர்வரோடு இணைந்திருக்கும். அந்த இணைப்புக்கு எங்கள் பாஷையில் சாக்கெட் என்று பெயர். கருவியில் ஒரே ஒரு பட்டன். அழுத்தினால் 'ஆள் உள்ளே' என்று செய்தி போகும்.

எந்தெந்தக் கருவி இணைப்பில் இருக்கிறது என்று பட்டியல் போடும் கமாண்டை எழுதியது நான். பட்டியலில் உள்ள கருவியிலிருந்து செய்தி வந்தால் ஸ்பீக்கரில் 'டிங்' என்று சத்தம் வரும். பட்டியலையும் சத்தத்தையும் வைத்துத்தான் கிரேனை நகர்த்தச் சொல்வார்கள்.

நான் எழுதிய அந்தக் கமாண்டில் ஒரு பக், அதாவது பிழை, இருந்தது. பதினாறு இணைப்பு வரை சரியாகக் காட்டும். பதினேழாவதை விழுங்கிவிடும்.

எனக்குத் தெரியும். மூன்று வாரம் முன்பே தெரியும். ஒரே ஷிஃப்டில் பதினாறு பேருக்கு மேல் எங்கே இறங்கப் போகிறார்கள் என்று தள்ளிப்போட்டேன்.

அக்டோபர் 14 அன்று பதினேழு பேர் இறங்கினார்கள். கடைசியாக இறங்கியவர் மஜீது. தண்டையார்பேட்டைக்காரர். கிரேன் நகர்த்திய கண்டெய்னருக்கும் பக்கத்துக் கண்டெய்னருக்கும் நடுவே மாட்டிக்கொண்டார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். உயிர் இல்லை.

விசாரணையில் என் பட்டியலை எடுத்து வைத்தார்கள். மஜீதின் கருவி அதில் இல்லை. 'ஆன் செய்யாமல் போனது அவர் தவறு' என்று எழுதி மூடினார்கள்.

நானும் அந்த அறையில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

ஒன்பது நாள் கழித்து, யாருக்கும் தெரியாமல் பக்கைச் சரிசெய்யப் போனேன். மழை கொட்டியது. யார்டில் வேலை இல்லை. பதினாறு கருவிகளும் கண்ட்ரோல் ரூமிலேயே சார்ஜரில், ஆன் ஆகி, இணைப்பில் இருந்தன. பதினேழாவது, மஜீதுடையது, போலீஸ் ஸ்டேஷனில்.

ஷிஃப்ட் பார்க்கும் பெர்சிஸ் மட்டும் இருந்தாள். அன்றைக்குக் கிரேனுக்கு ஓகே சொன்னவள். கண் உள்ளே போயிருந்தது.

"நான்தானேண்ணே ஓகே சொன்னேன். கண்ணை மூடினா அவருதான் நிக்கிறாரு."

"நீ என்ன பண்ணுவே? அவர் ஆன் பண்ணல."

எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்...

மணி 3:42. திருத்தியதை ஓட்டினேன். சோதனைக்குப் பதினேழாவதாக என் லேப்டாப்பை இணைக்க வேண்டும். இன்னும் இணைக்கவில்லை.

பதினேழு வரிகள் வந்தன.

கடைசி வரியில் கருவி எண் 29. மஜீதுடையது. நிலை: இணைப்பில் உள்ளது.

என் திருத்தம்தான் தப்பு என்று நினைத்தேன். சர்வரில் ஏற்கெனவே இருக்கும் வேறு கமாண்டை ஓட்டினேன். அது நான் எழுதியதில்லை. அதிலும் பதினேழு.

3:46. அந்த இணைப்பைத் துண்டித்தேன். வரி போனது.

3:47. வந்தது.

டிங்.

'ஆள் உள்ளே.'

பெர்சிஸ் திரும்பினாள். "யாருண்ணே உள்ள போயிருக்கா?"



3:48. டிங். 'ஆள் உள்ளே.'

3:49. டிங்.

நான் செய்ததைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. திருத்தத்தை எடுத்துவிட்டு, பக் இருந்த பழைய கமாண்டையே மறுபடி போட்டேன்.

பதினாறு வரிகள்.

அப்பாடா...

டிங்.

பட்டியலில் அந்த வரி இல்லை. சத்தம் வரக் கூடாது. வந்தது.

டிங்.

பெர்சிஸ் எழுந்து என் பின்னால் வந்து நின்றாள். திரையில் முன்பு வந்த பதினேழு வரிகளையும் இப்போதைய பதினாறையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணே... அன்னைக்கும் ஆன்லதான் இருந்துச்சா?"

டிங்.

"ஆமா."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் கதவைத் திறந்துகொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

பக் பற்றியும் மூன்று வாரம் பற்றியும் எல்லோருக்கும் மெயில் எழுதினேன். எழுதி முடிக்கும் வரை நிமிடத்துக்கு ஒன்றாக அடித்துக்கொண்டே இருந்தது. 4:11-க்கு அனுப்பினேன்.

சத்தம் நின்றது.

மறுநாள் ஸ்டேஷனில் கேட்டேன். கருவி சீல் வைத்த உறையில் இருந்தது. விபத்து நடந்த அன்றே பேட்டரியைக் கழற்றிவிட்டார்களாம்.

விசாரணையை மறுபடி திறந்தார்கள். என் வேலை போனது. பெர்சிஸ் இன்றுவரை என்னோடு பேசவில்லை.

பிறகு மஜீதின் மனைவி ரஹீமுன்னிசாவைப் பார்க்கப் போனேன். மஜீது கருவியை ஆன் செய்துதான் இருந்தார், தவறு என்னுடையது என்றேன். பட்டனைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அந்த அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உடனே உசுரு போவலன்னு டாக்டரு சொன்னாரு தம்பி. முக்கா மணி நேரமாவது இருந்திருப்பாராம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மய்யித்தைக் குளிப்பாட்டனவங்க ஒண்ணு சொன்னாங்கோ. ஒடம்பு பூரா தளர்ந்துட்ச்சாம். சோத்துக்கை கட்டைவெரலு மட்டும் வெறச்சிகினு, இன்னாத்தையோ அமுக்கிகினே கீற மாரி இருந்துச்சாம். இன்னா பண்ணியும் நிமுத்த முடியல. அப்பிடியேதான் அடக்கம் பண்ணாங்கோ."