திருப்பாமல் விட்ட சார்ட்

பார்வைச் சார்ட்டின் விளக்கை நான் போடுவதற்குள் சுனிதா கடைசி வரியைச் சொல்லி முடித்துவிட்டாள். ஓர் எழுத்தும் தப்பவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கண் பவர் பார்க்கும் ஆப்டோமெட்ரிஸ்டாக இருந்தவன் நான். அதற்குப் பிறகு நான் செய்ததை இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. மைனஸ் ஒன்று

கேரள எல்லையில், பாறசாலையில் ஒரு சிறிய கண் கிளினிக்கில் எனக்கு வேலை. சுனிதா பக்கத்து ஊரான வெள்ளறடைக்காரி. வனக்காவலர் வேலைக்கு எழுத்துத் தேர்வும் ஓட்டமும் தேறியிருந்தாள். கண் பரிசோதனை மட்டும் பாக்கி. கண்ணாடி இல்லாமல் 6/6, அதாவது முழுப் பார்வை வேண்டும். அவளுக்கு இரண்டு கண்ணிலும் கிட்டப்பார்வை, மைனஸ் ஒன்று. வயது வரம்பின்படி அதுவே கடைசி வாய்ப்பு.

"லேசர் வேண்டாம் சாறே, அம்மைக்குப் பயமாக்கும்" என்றாள்.

கார்னியல் கிராஸ்லிங்கிங் பற்றிச் சொன்னேன். ரைபோஃப்ளேவின் என்ற மஞ்சள் சொட்டு மருந்தை விட்டு, புற ஊதா ஒளியைக் காட்டுவார்கள். கருவிழி இறுகி, நடுப்பகுதி மெல்ல மெல்லச் சற்றுத் தட்டையாகும். கருவிழி கூம்பிப்போகும் நோய்க்கு இது பழகிய சிகிச்சை. லேசான கிட்டப்பார்வைக்குப் புதிது. எவ்வளவு குறையும், எப்போது குறையும் என்று உறுதி சொல்ல முடியாது. டாக்டர் இதை இரண்டு முறை சொன்னார். அவர் அறைக்கு வெளியே நான், "ஒண்ணு தானே மக்கா, போயிரும்" என்றேன். எங்கள் கிளினிக்கில் இதற்கு அவள்தான் முதல் ஆள். நான் பிடித்துக் கொடுத்த ஆள்.

2. மூன்று பக்கம்

எல்லைப்புறம் என்பதால் எங்கள் சார்ட் பெட்டிக்கு மூன்று பக்கம்: மலையாளம், தமிழ், இங்கிலீஷ். வருகிறவர் பேசும் மொழிக்குத் திருப்பி வைப்போம். சுனிதாவுக்கு எப்போதும் தமிழ். ஒவ்வொரு முறையும் அதே வரிகள்.

சிகிச்சை முடிந்து, வேலைக்கான பரிசோதனைக்குப் பத்து நாள் இருக்கும்போது கடைசி ரிவ்யூ. "மங்கலா இருந்தா மறைக்காதே. லெட்டர் தாறேன், தேதிய மாத்திக் கேக்கலாம்" என்று டாக்டர் அவளிடம் சொல்லி என்னிடம் அனுப்பினார். மெஷின் இரண்டு கண்ணிலும் மைனஸ் முக்கால் காட்டியது; கால்தான் குறைந்திருந்தது. சார்ட்டின் முன் உட்கார்ந்தவள், விளக்குக்கு முன்பே ஒப்பித்தாள்.

"மக்கா, கொள்ளாமே!" என்று மெச்சிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். கை பெட்டியின் பக்கம் போனது. இங்கிலீஷுக்கு ஒரு திருப்பு, அவ்வளவுதான். திருப்பினால் 'போயிரும்' என்ற என் வாக்கு பொய்யாகும். கையை எடுத்துக்கொண்டேன். 6/6 என்று எழுதினேன். டாக்டர் என் எழுத்தை நம்பினார்.

3. கண்ணாடியோடு

அடுத்த மாதம் வந்தாள், மூக்கில் பழைய கண்ணாடி.

"அங்க டெஸ்டுல இங்கிலீஷாக்கும் வச்சது. நாலாவது வரியில நின்னுட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இங்க நான் மனப்பாடமாத்தான் சொன்னேன் சாறே. உங்களுக்குத் தெரியலியா?"

"தெரியல்ல மக்கா."

"சார் விசாரப்பட வேண்டாம். தப்பு எனக்க தான்."

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வெள்ளறடை பஸ்ஸில் மூன்று முறை ஏறினேன். இரண்டு முறை பாதியில் இறங்கிவிட்டேன். மூன்றாம் முறை வீடு வரை போனேன். சுனிதா வேலைக்குப் போயிருந்தாள். துணிக்கடையில் பில் போடுகிறாளாம். "ஏதும் விசேஷம் உண்டா சாறே?" என்றாள் அம்மா. "சும்மா இந்த வழியா வந்தேன்" என்று சொல்லி, தந்த தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். இப்போதும் உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்வதில்லை.

சார்ட்டைத் திருப்புங்கள். நன்றாகப் படிக்கிறவருக்குத்தான் கட்டாயம் திருப்ப வேண்டும். நீங்கள் வாக்குக் கொடுத்தவர் என்றால் இரண்டு முறை.

சுனிதா இதைப் படிப்பாளோ என்னவோ. அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தது.