துரான் கேட்டு வாங்கிய தீவட்டி

இங்கிலாந்தின் கான்டர்பரியில், நார்மன்கள் நாட்டைப் பிடித்த கதையைப் படம்படமாகக் காட்டும் ஆயரின் நெடுந்துணியைத் தைத்த பெண்களில் லெவீவாவுக்கு வாய் கம்மி, கை வேகம். ஏழு வருடங்களுக்கு முன் கடல் தாண்டி வந்த நார்மன் படை, ஹேஸ்டிங்ஸ் பக்கம் அவள் வீட்டைக் கொளுத்தியது. தண்ணீருக்குப் போய்த் திரும்பியவள் கண்டது, சரியும் கூரையையும் தீவட்டியோடு சிரித்த ஒரு செம்பட்டைத் தாடிக்காரனையும்தான். ஆறு வயது மகள் டோலா உள்ளே இருந்தாள். அந்த முகத்தை லெவீவா மறக்கவில்லை. மறந்து மன்னிக்க அவள் என்ன புனிதையா?

அதே தாடிக்காரன் ஒருநாள் தையல்கூடத்துக்குள் நுழைந்தான். பெயர் துரான். இப்போது அவள் ஊருக்கே அவன்தான் நிலப்பிரபு.

"துணியில என்னையும் போடணும். குதிரை மேல!"

அவளுக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் நார்மன் வீரன்மேல் ஓர் ஆங்கிலத் தையல்காரி சொல்லும் புகார் எந்தச் சபையில் ஏறும்? அவன் வாயாலேயே வரவேண்டும்.

"குதிரையில நூறு பேரு போறாங்க எசமான். தனியா தெரியிற மாதிரி ஏதாச்சும் செஞ்சீங்களா?"

"செஞ்சேனாவா? சண்டைக்கு முன்னாடி வீடு வீடா பத்த வெச்சவன் நான்! ஒரு வீட்டுல கதவை வெளிய கட்டிட்டுல்ல வெச்சேன்!"

"உள்ள ஆளு இருந்துச்சா?"

"ஏதோ கத்துச்சு. தீவட்டியை நல்லா பெரிசா போடு!"

போட்டாள். கம்பளி நூலை நெருக்கமாகப் படுக்கவைத்து, குறுக்கிழை போட்டு இறுக்கி, தாடியைச் செம்பட்டையிலேயே தைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் தைத்தாள்.

வேலையைப் பார்வையிட ஆயரின் பாதிரியார் வந்த அன்று துரான் முந்திக்கொண்டான். "பாருங்க சாமி, இது நான்!" அதோடு நிற்காமல் கதவைக் கட்டிய கதையையும் அளந்தான்.

பாதிரியார் முகம் கறுத்தது. போர் முடிந்து, அதில் கொன்றவர்களுக்கெல்லாம் ஆயர்கள் பாவப் பரிகாரமாகத் தவம் விதித்தபோது, போர்க்களத்துக்கு வெளியே ஓர் உயிரையும் தொட்டதில்லை என்று, புனிதரின் எலும்பு வைத்த பேழைமேல் அடித்துச் சத்தியம் செய்தவன் இவன். சுவரில் தொங்கிய துணியைப் பாதிரியார் காட்டினார். அதில் தோற்றுப்போன ஆங்கில ராஜா, நார்மன் பிரபுவுக்கே அரியணை என்று அதேபோலப் பேழைமேல் கை வைத்துச் சத்தியம் செய்து நின்றார்.

"அந்தச் சத்தியத்தை மீறினாருன்னுதானேப்பா ராஜ்யத்தையே பறிச்சோம்? உன் நிலம் எம்மாத்திரம்?"

துரானுக்கு வியர்த்தது. "சும்மா பெருமைக்குச் சொன்னேன் சாமி! ஏ பொம்பள, நீயாவது சொல்லேன், அப்படி ஒரு வீடே இல்லன்னு!"

லெவீவா ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்தாள்.

"இருந்துச்சு சாமி. என் வீடு. கத்தினது என் மக."

அறுவடைக்குள் துரானின் நிலம் பறிபோயிற்று. பாவத்துக்குத் தவமாக வெறுங்காலோடு ரோமாபுரிக்கு நடக்கிறான் என்று சேதி வந்தது.

"வழியில செத்தானா?" என்று கேட்டாள் லெவீவா.

இன்னும் இல்லையாம். அவள் மறுபடி நூல் கோத்தாள்.