அம்மாவின் போனில் இருந்த பெயர்

கொரோனாவுக்கு ஊரடங்கு போட்டு மூன்றாவது கிழமை எங்கள் சட்டத்துறை இணையத்துக்குக் குடிபெயர்ந்தது. நாங்கள் இறுதி வருடம். சட்டம் படிப்பிக்கிறவர்களிடம் விதிகளுக்கா பஞ்சம்? பதினொரு பக்கத்தில் ஒரு வழிகாட்டி வந்தது. விரிவுரை காலை எட்டு மணிக்கு. பெயர் கூப்பிட்டு வரவு எடுப்பார்கள். பரீட்சையை வீட்டிலிருந்தே கையால் எழுதிப் படமெடுத்து அனுப்ப வேண்டும். ஆள்மாறாட்டம் செய்தால் இரண்டு பேருக்கும் மூன்று வருடத் தடை. மாதிரி நீதிமன்றத்துக்குக்கூட ஒரு பந்தி ஒதுக்கியிருந்தார்கள்: கறுப்புக் கோட் கட்டாயம். வீட்டுப் பாவாடைக்கு மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு, பின்னால் வெங்காயத்துக்கு இறைக்கிற வோட்டர் பம்ப் இரைய, "கனம் நீதிபதி அவர்களே" என்று தொண்டை கிழியக் கத்தியவள் நான்.

எங்கள் வீடு அச்சுவேலியில். வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடுகூட வராது. வளவுக்குள் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், மாமரத்தின் கீழே கதிரையைப் போட்டால் மூன்று கோடு வரும். நான்காம் வருடப் படிப்பில் பாதி அந்தக் கதிரையில்தான் நடந்தது.

முதல் வருடத்திலிருந்து விரிவுரை மண்டபத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள் குருநகரைச் சேர்ந்தவள். எனக்கு இருந்த ஒரே நெருங்கிய சிநேகிதி. அவளுடைய அப்பாவுக்குக் கடற்றொழில். அவள் மூத்தவள், பின்னால் மூன்று பேர். "இந்த வருசத்தோடை படிப்பை முடிச்சுப்போடு பிள்ளை, அதுக்கு மேலை என்னாலை ஏலாது" என்று அப்பா சொன்னதாக அவள் எனக்குச் சொல்லியிருந்தாள். அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு போன். அது பின்னேரம் அப்பாவோடு கடலுக்குப் போய், மறுநாள் பத்து மணிக்குத்தான் கரைக்கு வரும். எட்டு மணி விரிவுரைக்கு அவள் எதில் வருவது?

அதற்கும் வழிகாட்டியில் ஒரு விதி இருந்தது. அந்தப் பதினொரு பக்கத்திலும் இரக்கத்தோடு எழுதப்பட்ட ஒரே விதி அதுதான். வசதி இல்லாதவர்கள் ஊருக்குப் பொறுப்பான அரச அலுவலர் விதானையாரிடம் கடிதம் வாங்கி அனுப்பினால் போதும். வரவு பார்க்க மாட்டார்கள். பரீட்சைக்கும் வேறு ஒழுங்கு செய்து தருவார்கள். அவள் படிவத்தை நிரப்பி வைத்திருந்தாள். அதை அனுப்ப விடாமல் தடுத்தது நான்.

"உதையேன் எழுதிக் குடுக்கிறாய்? வீட்டிலை போன் இல்லையெண்டு எல்லாருக்கும் தெரியவேணுமோ? அம்மாவின்ரை போன் சும்மாதானே கிடக்குது. நான் உன்ரை பேரிலை வாறன்."

"பிடிபட்டால்?"

"கமராவை நிப்பாட்டி வைச்சால் ஆருக்கடி தெரியப்போகுது?"

எங்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. ஒருவருக்காக மற்றவர் கையெழுத்து வைப்பது எங்கள் வகுப்பில் முதல் வருடத்திலிருந்தே இருந்த வழக்கம். நல்லூர்த் தேருக்கு நான் போனால் எனக்காக அவள் வைப்பாள். மாதா திருநாளுக்கு அவள் போனால் அவளுக்காக நான் வைப்பேன். அதை ஒரு பொய்யென்று நாங்கள் யாரும் நினைத்ததே இல்லை. சாட்சியச் சட்டத்தை வரிவரியாகப் பாடமாக்கிய எங்களுக்கு, அந்தத் தாளும் ஒரு சாட்சியம் என்பது மட்டும் உறைக்கவில்லை.

மடியில் இரண்டு போன். என்னுடையதில் என் பெயர், அம்மாவினுடையதில் அவளுடைய பெயர். அவளைக் கூப்பிடும்போது துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு "பிரசன்ற் சேர்" என்பேன். ஒருநாள் விரிவுரையாளர் மனமிரங்கி, "என்ன பிள்ளை, உமக்குத் தடிமனே? கொத்தமல்லி அவிச்சுக் குடியும்" என்றார். அதைச் சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் ஒரு கிழமை சிரித்தோம். என் சொந்த வரவில் இரண்டு நாள் விடுபட்டிருக்கிறது. அவளுடையதில் ஒன்றுகூட இல்லை. அவ்வளவு கெட்டிக்காரி நான்.

பரீட்சைக்கு அவள் எங்கள் வீட்டுக்கு வந்து எழுதி அம்மாவின் போனில் அனுப்புவதாக ஏற்பாடு. ஊரடங்கும் தளர்ந்திருந்தது. பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கையில் மீன் சந்தையில் எல்லாரையும் பரிசோதித்தார்கள். அவளுடைய அப்பாவுக்குக் கொரோனா என்று வந்தது. சந்தையில் நின்றபடியே பஸ்ஸில் ஏற்றித் தனிமைப்படுத்தல் நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். போன் அவருடைய சாரத்து மடியில் இருந்தது. அவர்கள் வீடு இருந்த குறுகிய ஒழுங்கையை யாரும் வெளியே வராதபடி கயிறு கட்டி மூடினார்கள்.

பக்கத்து வீட்டில் ஒரு பழைய பட்டன் போன் இருந்தது. மறுநாள் அதை வேலிக்கு மேலால் வாங்கி எனக்குக் கோல் எடுத்தாள்.

"நான் என்னடி செய்யிறது? ஒழுங்கை வாசல்லை பொலிஸ் நிக்குது. அப்பாவுக்கு மூச்சு எடுக்க ஏலாதாம். காலமைக்குச் சோதினை. நான் என்னடி செய்யிறது?"

எங்கள் வகுப்புக்குப் பிரதிநிதி நான்தான். சட்டத்துறை அலுவலகத்துக்குக் கோல் எடுத்து விசயத்தைச் சொன்னேன். ஒழுங்கையைத் திறந்த பிறகு எழுத்தில் மேன்முறையீடு செய்யச் சொன்னார்கள். பரீட்சை நடந்த ஐந்து நாளும் திரையில் அவள் பெயர் இல்லை. நான் என்னுடைய பெயரில் மட்டும் எழுதினேன்.

அப்பா உயிரோடு திரும்பி வந்தார். ஒழுங்கையும் திறந்தது. மேன்முறையீட்டை நானே எழுதித் தருகிறேன் என்றேன், ஆவணம் வரைவதில் வகுப்பில் எனக்குத்தான் கூடிய புள்ளி. பரீட்சை நாட்களில் வீட்டிலிருந்த ஒரே போன் தனிமைப்படுத்தல் நிலையத்தில் அப்பாவிடம் இருந்தது என்று ஒரு வரி போதும். நான் நாலு பக்கம் எழுதினேன். மூன்றாம் பந்தியில், அந்த வீட்டில் தொடக்கத்திலிருந்தே ஒரு போன்தான் உண்டென்றும், தந்தையார் அதைத் தினமும் மாலை கடலுக்குக் கொண்டுபோய் மறுநாள் காலை பத்து மணிக்கே திரும்புவார் என்றும் விரிவாக அடுக்கினேன். கஷ்டத்தைக் காட்டினால் இரங்குவார்கள் என்பது என் கணக்கு.

அவள் வாசித்துவிட்டுக் கேட்டாள். "மூண்டாம் பந்தி தேவையோ?"

"விசரி, உதுதான் எங்கடை பலமே."

கையெழுத்து வைத்தாள். பந்தியில் உள்ளது அத்தனையும் உண்மை என்று விதானையாரும் கடிதம் கொடுத்தார்.

விசாரணையும் இணையத்தில்தான், ஒரு முற்பகலில். அவள் குருநகரிலிருந்து அச்சுவேலி வரைக்கும் வெயிலுக்குள் சைக்கிளில் வந்தாள். மாமரத்தின் கீழே என் கதிரையில் அம்மாவின் போனோடு இருந்தாள். பிரதிநிதி என்பதால் என்னையும் சேர்த்திருந்தார்கள். எதிரொலி வருமென்று நான் தொட்டிக்கு மற்றப் பக்கம் போய் நின்றேன். தொட்டிச் சுவர் இடுப்பளவுதான். அவள் முகம் நேரே தெரிந்தது.

விசாரணைக்குழுத் தலைவர் கொடுமைக்காரர் இல்லை. அதுதான் இன்னும் வேதனை.

"வாசிச்சனாங்கள் பிள்ளை. கவலையாத்தான் இருக்கு. ஒரேயொரு சந்தேகம். அப்பா பத்து மணிக்குத்தான் போனோடை வாறவர் எண்டு மூண்டாம் பந்தியிலை சொல்லுறீர். விரிவுரை எல்லாம் எட்டு மணிக்கு. நீர் ஒண்டுக்கும் வராமல் விடேல்லை. அப்ப ஒண்டில் உந்த மனு பொய், இல்லாட்டி எங்கடை வரவு பொய். எது?"

அவள் தொட்டிக்கு மேலால் என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, சைகை காட்டவில்லை, பார்த்தாள்.

"அவளுக்குத் தெரியாமல் நான்தான் அவளுடைய பெயரில் வந்தேன்" என்று நான் சொல்லியிருக்கலாம். மனு உண்மையாகியிருக்கும், அவளுக்குப் பரீட்சை கிடைத்திருக்கும். எனக்கு மூன்று வருடத் தடை. பிறகு நன்னடத்தைச் சான்றிதழ் யார் தருவார்? அது இல்லாமல் எந்தக் காலத்தில் நான் சட்டத்தரணியாவது? ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள் இவ்வளவையும் யோசித்து முடித்துவிட்டேன். என்னைப் பற்றி யோசிப்பதில் நான் எப்போதும் வேகம்.

"வகுப்புப் பிரதிநிதி, உமக்கு ஏதும் தெரியுமோ?"

மைக்கை அமத்தித் திறந்தேன். "இல்லை, சேர்."

என் குரல் தொட்டிக்கு மேலால் ஒருமுறையும், அம்மாவின் போனுக்குள்ளால் இன்னொருமுறையும் அவளுக்குக் கேட்டது. எனக்கும் கேட்டது.

"எனக்குச் சொல்ல ஒண்டுமில்லை சேர்" என்றாள் அவள்.

மனுவை நிராகரித்தார்கள். அடுத்த வருடம் பின்னால் வருகிறவர்களோடு இருந்து திரும்பப் படித்து எழுதலாம் என்றார் தலைவர். அந்த அடுத்த வருடம் அவளுக்கு இல்லையென்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

துப்பட்டா நுனியால் போனைத் துடைத்து அம்மாவிடம் நீட்டினாள். அம்மா தேத்தண்ணியோடு நின்றா.

"என்ன பிள்ளை, முடிஞ்சுதே?"

"ஓம் அன்ரி. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது."

தேத்தண்ணியை மிச்சம் விடாமல் குடித்தாள். "போட்டு வாறன்" என்று அம்மாவுக்குச் சொன்னாள். நான் வாசல் படலை வரைக்கும் பின்னாலேயே போனேன். சைக்கிளில் ஏறும்போது மட்டும் திரும்பினாள்.

"நான் கேட்டனான்தானே, மூண்டாம் பந்தி தேவையோ எண்டு."

அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை. படிக்கத் திரும்பி வரவும் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு புடவைக்கடையில் வேலைக்கு நிற்கிறாள். நான் அந்தத் தெருவால் போவதில்லை. நேர் வழியை விட்டுச் சுற்றிக்கொண்டுதான் நீதிமன்றத்துக்குப் போகிறேன். என் நன்னடத்தைச் சான்றிதழில் ஒரு கறையும் இல்லை.

போன வருடம் கனடாவில் பெரிய மாமா செத்துப்போனார். செத்தவீட்டைத் திரையில் காட்டினார்கள். அம்மா தன்னுடைய பழைய போனை எடுத்துக்கொண்டு போய் மாமரத்தின் கீழே இருந்து அழுதா. கட்டம் கட்டமாக எல்லாச் சொந்தக்காரரும் தெரிந்தார்கள். மாமாவின் மகன் திடீரென்று அம்மாவின் கட்டத்தில் இன்னும் கிடந்த என் சிநேகிதியின் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்து, "இது ஆர்? எங்கடை ஆக்களோ?" என்று கேட்டான்.

அம்மா முகத்தைத் துடைத்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினா. "ஐயோ, நான்தான் தம்பி, மாமி. பிள்ளை, உந்தப் பேரை மாத்திவிடு."

அவளுடைய பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். அம்மாவின் பெயரை அடித்தேன்.

"அந்தக் குருநகர்ப் பிள்ளையின்ரை பேரெல்லே" என்றா அம்மா. "நல்ல பிள்ளை. இப்ப எங்கை லோயரா இருக்கிறாள்?"

"கொழும்பிலை, அம்மா" என்றேன்.